எல்லாரும் வடிவமைப்பாளர் ஆகிவிட்டார்கள். எழுத்தைச் சரிபார்ப்பது யார்?

கிள்ளான்: தோட்டத்துக் கோயில்களில் ஆண்டுத் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிப்பது ஒரு காலத்தில் செயலாளருக்குத் தனிப் பெரிய வேலை. உபயக்காரர்களின் பெயர்ப் பட்டியலைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி கிள்ளானுக்கு வர வேண்டும். அச்சகத்தில் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். சில நாள் கழித்து, கோர்த்த எழுத்தைச் சரிபார்க்க இன்னொரு பயணம். விடுபட்ட பெயரைச் சேர்த்து, தேதியைத் திருத்தி, அச்சான கட்டுகளைத் தூக்கி வர மூன்றாவது பயணம். அதற்குப் பிறகுதான் லயம் லயமாக நோட்டீஸ் கொடுக்க முடியும்.

இன்று அந்த வேலை அரை மணி நேரத்தில் முடிகிறது. கோயில் இளைஞர் பிரிவில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவர் கைப்பேசியில் கேன்வாவைத் திறக்கிறார். அம்மன் படம், தங்க நிறக் கரை, தமிழ் எழுத்துரு எல்லாம் அதிலேயே இருக்கின்றன. இரவு எட்டு மணிக்குக் கூட்டம் முடிந்தால், ஒன்பது மணிக்குள் புலனக் குழுவில் நோட்டீஸ் வந்துவிடுகிறது. பஸ் கட்டணமும் இல்லை, அச்சுக் கூலியும் இல்லை.

திருமண அழைப்பிதழ், பிறந்தநாள் பதாகை, கண்ணீர் அஞ்சலி, பலகார விற்பனை விளம்பரம், பள்ளி விளையாட்டுப் போட்டியின் காணொளி, சொந்தமாகப் பாடிய பாடல் என எல்லாவற்றிலும் இதுவே நடக்கிறது. தொழில் தெரிந்தவரிடம் போனால்தான் ஆகும் என்றிருந்த வேலைகளை இன்று யாரும் செய்யலாம்.

இதைக் கொண்டாடுபவர்கள் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் அச்சுத் தொழிலையும் படப்பிடிப்புத் தொழிலையும் நம்பி இருப்பவர்களுக்கு இது வயிற்றில் புளியைக் கரைக்கும் செய்தி. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு தரப்பும் அதிகம் பேசாத ஒன்றும் இருக்கிறது. தொழிலாளி கையில் இருந்த காலத்தில் வேலையோடு சேர்ந்தே நடந்த சில காரியங்கள், இப்போது யாராலும் செய்யப்படாமல் விடுபட்டுப் போகின்றன.

பூட்டைத் திறந்தது யார்?

தமிழில் ஒன்றை அச்சில் ஏற்றுவது எளிதான காரியமாக இருந்ததில்லை. 247 எழுத்துகள் கொண்ட மொழி. ஈய எழுத்துகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, தலைகீழாகப் படித்துக் கோர்க்க வேண்டும். அந்தக் கைப்பழக்கம் வர ஆண்டுகள் ஆகும். இயந்திரம் வாங்கப் பணம் வேண்டும். மலேசியாவில் 1984-ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்படி அச்சகம் நடத்த உள்துறை அமைச்சின் உரிமமும் வேண்டும். ஆகவே தமிழில் எதை எழுதினாலும் அது பொதுமக்களின் கண்ணில் படுவதற்கு முன் ஓர் அச்சகத்தின் வாசலைத் தாண்டியே ஆக வேண்டியிருந்தது.

அந்தப் பூட்டைத் திறந்ததில் கோலாலம்பூருக்குப் பெரிய பங்கு உண்டு. கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1985-இல் கணினியில் தமிழ் எழுதுவதற்கான முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். உலக அளவில் அதே ஆண்டில்தான் ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் வந்து, மேசைக் கணினியிலேயே பக்கம் வடிவமைக்கும் முறை பிறந்தது. பின்னர் முரசு அஞ்சல் என்று பெயர் பெற்ற அந்த மென்பொருள், ஆங்கில விசைப்பலகையிலேயே தமிழ் ஒலியைத் தட்டி எழுதும் வசதியைத் தந்தது. 2005-இல் வந்த செல்லினம் அதையே கைப்பேசிக்குக் கொண்டு சென்றது. ஆப்பிள் மேக் கணினியில் இன்று இருக்கும் இணைமதி எழுத்துருவும் அவர் வடிவமைத்ததே.

இவற்றுக்கு இடையில் வேறு பல வேலைகளும் நடந்தன. 1991-இல் வெளிவந்த யூனிகோட்டின் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு தமிழ் 99 விசைப்பலகைக்கு வழி வகுத்தது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. இந்த உழைப்பெல்லாம் இல்லாமல் இருந்திருந்தால், சிட்னியில் 2013-இல் தொடங்கிய கேன்வாவில் இன்று ஒரு தோட்டத்துப் பிள்ளை தமிழில் நோட்டீஸ் செய்ய முடியாது.

கேன்வாவின் தொடக்கமே இந்த விஷயத்துக்கு நெருக்கமான கதைதான். அதன் நிறுவனர்களில் ஒருவரான மெலனி பெர்கின்ஸ், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மாணவியாக இருந்தபோது மற்ற மாணவர்களுக்கு வடிவமைப்பு மென்பொருளைக் கற்றுக்கொடுத்தார். பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்கவே அவர்களுக்குப் பல வாரங்கள் ஆயின. அதைப் பார்த்து அவர் முதலில் செய்தது, பள்ளி ஆண்டு மலரை ஆசிரியர்களும் மாணவர்களும் தாங்களே வடிவமைக்கும் ஒரு தளம். அது வளர்ந்து கேன்வா ஆனது. 2024-இல் மாதந்தோறும் 20 கோடிக்கும் அதிகமானோர் அதைப் பயன்படுத்தினர்.

பழைய கதையின் புதிய சுற்று

தொழிலை இழக்கும் அச்சம் இப்போது புதிதாக வந்ததாகத் தோன்றலாம். கிள்ளானில் ஈய எழுத்து கோர்த்தவர்களைக் கணினியில் பக்கம் அமைப்பவர்கள் 1990-களில் இடம்பெயரச் செய்தார்கள். இன்று அஞ்சுவது அந்தக் கணினித் தலைமுறைதான். புகைப்படத் துறையிலும் இது நடந்தது. 1900-இல் ஈஸ்ட்மேன் கோடாக் ஒரு டாலர் விலையில் பிரௌனி கேமராவை விற்றபோது, படம் எடுப்பது ஸ்டூடியோக்காரரின் தனி உரிமையாக இருந்த காலம் முடிந்தது. எல்லார் கையிலும் கேமரா கொடுத்த அதே நிறுவனம், டிஜிட்டல் மாற்றத்தில் தடுமாறி 2012-இல் திவால் பாதுகாப்பு கோரியது.

மலேசியத் தமிழ்ப் படைப்புலகம் இந்த மாற்றத்தால் பெற்றதையும் மறக்கக் கூடாது. 2000-இல் அமீர் முகமட் டிஜிட்டல் வீடியோவில் எடுத்த 'லிப்ஸ் டு லிப்ஸ்' இந்நாட்டு டிஜிட்டல் சுயாதீனத் திரைப்படங்களுக்குத் தொடக்கமாக அமைந்தது. பிலிம் சுருளுக்குச் செலவழிக்கப் பணம் இல்லாத ஒரு தலைமுறை அந்த வழியில் படம் எடுத்தது. தீபக் குமாரன் மேனன் ரப்பர் தோட்டத்துக் குடும்பம் ஒன்றின் கதையை 2005-இல் 'செம்மண் சாலை'யாகத் தந்தது அந்த அலையில்தான். தோட்டம் மூடப்பட்ட பிறகு குடிசைப் பகுதிக்கு வந்த குடும்பத்துச் சிறுவனைப் பற்றிச் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' 2015-இல் வெளிவந்து, மறு ஆண்டு 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. இசையில், யோகி பியும் நட்சத்திராவும் 2006-இல் வெளியிட்ட 'வல்லவன்' தமிழ் ஹிப் ஹாப்புக்கு ஒரு மைல்கல்லாக இன்றும் பேசப்படுகிறது.

இவர்கள் யாரும் பொழுதுபோக்குக்காகச் செய்த கற்றுக்குட்டிகள் இல்லை. தொழிலை முறையாகக் கற்றவர்கள், ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள். ஆனாலும் கருவி மலிவாகாமல் இருந்திருந்தால், தோட்டத்தையும் குடிசைப் பகுதியையும் பற்றிய கதைகளில் முதலீடு செய்ய எந்தப் பெரிய தயாரிப்பாளரும் வரிசையில் நின்றிருக்க மாட்டார்.

அதே சமயம் இந்தப் படங்கள் இன்னொரு பாடத்தையும் சொல்கின்றன. படம் எடுக்கும் செலவு குறைந்தது. அதை மக்கள் பார்க்க வைக்கும் செலவு குறையவில்லை. திரையரங்கில் காட்சி நேரம் கிடைப்பது, தமிழ்நாட்டிலிருந்து வரும் பெரிய நட்சத்திரப் படத்தோடு ஒரே வாரத்தில் மோதுவது, விளம்பரம் செய்வது ஆகிய கதவுகள் அப்படியே மூடிக் கிடந்தன. இன்று டிக்டாக்கில் பாடும் தோட்டத்துப் பையனுக்கும் இதே நிலைதான். பாடலைப் பதிவு செய்ய ஸ்டூடியோ வேண்டாம். ஆனால் யார் காதில் அது விழ வேண்டும் என்று தீர்மானிப்பது அவன் கையில் இல்லை. அந்தத் தளத்தின் கணக்கீட்டிடம் இருக்கிறது.

எந்த வேலை போனது?

தொழிலாளிகளின் இழப்பைச் சரியாக எடைபோட, கைப்பேசியில் நடக்கும் வேலைகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வகை, முன்பு நடக்கவே நடக்காத வேலை. காப்பாரில் வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் விற்கும் ஒரு தாய், தீபாவளிக்கு வண்ண விளம்பரம் செய்ய ஒருபோதும் வடிவமைப்பாளரிடம் போயிருக்க மாட்டார். போவதற்குப் பணம் இல்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியை முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எழுத்து அட்டைகள் செய்கிறார். அவரும் அச்சகத்தின் வாடிக்கையாளராக இருந்தவர் இல்லை. இங்கே யாருடைய வருமானமும் குறையவில்லை. சமூகத்துக்கு முழுக்க லாபம்தான்.

இரண்டாவது வகை, தொழிலாளியின் கையிலிருந்து நேராக நழுவிய வேலை. கோயில் நோட்டீஸ், பிறந்தநாள் பதாகை, நிச்சயதார்த்தப் படம், நினைவஞ்சலி அட்டை ஆகியவை இதில் அடங்கும். இவை ஒவ்வொன்றும் சிறிய தொகைதான். ஆனால் கடை வாடகையைக் கட்டியது இந்தச் சின்ன வேலைகளின் கூட்டுத் தொகை. தமிழ் நாளிதழ்களையும் இது தொடாமல் இல்லை. ஒரு மரணச் செய்தியை ஊருக்குச் சொல்ல நாளிதழ் விளம்பரத்தை நம்பிய குடும்பங்கள் பல, இன்று ஒரு படத்தைப் புலனத்தில் அனுப்பிவிடுகின்றன. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனதற்குக் காரணங்கள் பல. ஆயினும் விளம்பரமும் வாசகரும் கைப்பேசிக்குப் போன காலத்தில்தான் அது நடந்தது என்பதை மறுக்க முடியாது.

மூன்றாவது வகை, தொழிலாளியே அதே கருவியை எடுத்துக்கொண்டு செய்யும் வேலை. இரண்டு நாள் எடுத்த அழைப்பிதழை இரண்டு மணி நேரத்தில் முடிக்கிறார். ஆனால் வாடிக்கையாளருக்கும் அது தெரியும். 'இதற்கு ஏன் இவ்வளவு?' என்ற கேள்வி உடனே வருகிறது. வேலை வேகமானது, கூலி அதைவிட வேகமாக இறங்கியது.

பணத்தைவிட ஆழமான சேதம் இரண்டாவது வகையில் ஒளிந்திருக்கிறது. சின்ன வேலைகள்தான் புதியவர் தொழில் கற்கும் படிக்கட்டு. எஸ்பிஎம் முடித்துவிட்டு அச்சகத்தில் சேர்ந்த பையனுக்கு முதலாளி முதல் நாளே பெரிய வேலை கொடுக்க மாட்டார். நோட்டீஸில் தொடங்கி, அழைப்பிதழுக்கு வந்து, ஆண்டு மலருக்கு உயர்வான். திருமணப் படப்பிடிப்பில் விளக்கைப் பிடித்தவன்தான் பிறகு கேமராவைப் பிடித்தான். கீழ்ப்படிகள் உடைந்தால், மேல்படிக்கு வர வேண்டிய அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்? நூல் வடிவமைப்பு, மலர்த் தயாரிப்பு, ஆவணப்படம் போன்ற பெரிய வேலைகளுக்கு இன்னும் பத்து ஆண்டில் தமிழ் தெரிந்த ஆள் கிடைப்பாரா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

விளக்கு பூஜை விலக்கு பூஜையானால்

விடுபட்டுப் போன காரியங்களில் முதன்மையானது பிழை பார்ப்பது. பழைய அச்சகத்தில் ஒரு நோட்டீஸ் குறைந்தது மூன்று பேரின் கண்ணைத் தாண்டித்தான் வெளியே வந்தது. எழுதியவர், கோர்த்தவர், மெய்ப்பு பார்த்தவர். பல அச்சகங்களில் கோர்ப்பவரே நல்ல தமிழறிவு உள்ளவராக இருப்பார். 'இங்கே வல்லின ற வர வேண்டும்' என்று செயலாளரையே திருத்துவார். இந்தத் திருத்தத்துக்கு யாரும் தனியாகக் காசு கொடுத்ததில்லை. அச்சுக் கூலிக்குள் அது அடங்கியிருந்தது. கூலி போனபோது திருத்தமும் சேர்ந்து போய்விட்டது.

தமிழில் ஓர் எழுத்து மாறினால் பொருளே கவிழ்ந்துவிடும். திருவிளக்கு பூஜை 'திருவிலக்கு' ஆனால், ஏற்ற வேண்டியது விலக்க வேண்டியதாகிவிடும். பள்ளி 'பல்லி' ஆனால் பிள்ளைகளே சிரிப்பார்கள். உணவுக்கடையில் கறி 'கரி' ஆனால் சாப்பாடு அடுப்புக்கரியாகிவிடும். கையால் தட்டும்போது விரல் வழுக்குவது ஒரு காரணம். ஆங்கிலத்தில் எழுதியதை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு, வந்ததை அப்படியே ஒட்டுவது இன்னொரு காரணம்.

எழுத்து உடைந்து தெரிவதற்கு நுட்பக் காரணமும் உண்டு. யூனிகோட்டில் 'கொ' என்ற எழுத்து, க என்ற எழுத்தும் அதற்குரிய உயிர்க்குறியும் சேர்ந்ததாகவே சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் சரியான இடத்தில் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வசதி இல்லாத மென்பொருளில் கொம்பு இடம் மாறி நிற்கும், புள்ளி தனியே பறக்கும். பழைய எழுத்துரு முறையில் எழுதிய கோப்பைப் புதிய எழுத்துருவில் திறந்தால் முழுவதும் குழம்பிப் போகும்.

செயற்கை நுண்ணறிவுப் படங்களில் நிலைமை வேறு. அவை எழுத்தை எழுதுவதில்லை. எழுத்து போன்ற உருவத்தை வரைகின்றன. ஆங்கில எழுத்துகள் இப்போது பெரும்பாலும் சரியாக வருகின்றன. தமிழ்ப் படங்கள் அவற்றின் பயிற்சியில் குறைவு என்பதால், தமிழைப் போல் தோன்றி எந்த எழுத்தும் இல்லாத கோலங்கள் அடிக்கடி வருகின்றன. தமிழ் படிக்கத் தெரியாத ஒருவர் அதைப் பார்த்து 'அழகாக இருக்கிறது' என்று அச்சுக்கு அனுப்பிவிடலாம். இதற்கு மருந்து எளிது. படத்தை மட்டும் எழுத்து இல்லாமல் உருவாக்கிக்கொண்டு, எழுத்தை முறையான எழுத்துருவில் தனியாகத் தட்டிச் சேர்க்க வேண்டும். கேட்டமரான், முக்த மலர், மீரா இனிமை, பவனம், ஹிந்த் மதுரை போன்ற தரமான தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

படத்தின் அளவிலும் இதே கதை. புலனத்தில் வந்த 1,600 புள்ளி அகலமுள்ள படத்தைப் பத்து அடிப் பதாகையாக அடிக்கச் சொல்கிறார்கள். பத்து அடி என்றால் 120 அங்குலம். அங்குலத்துக்கு 13 புள்ளிதான் விழும். கைப்பேசியில் பளிச்சென்று இருந்த தலைவர் படம், மண்டப வாசலில் கட்டம் கட்டமாக நிற்கும். அச்சகக்காரர் இதை முதலிலேயே சொல்லுவார். அவரிடம் கடைசி நிமிடத்தில் கோப்பை மட்டும் அனுப்பினால், சொல்ல நேரம் இருக்காது.

முகமும் குரலும் யாருடையவை?

அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. 2024 தொடக்கத்தில் 'லால் சலாம்' படத்தின் ஒரு பாடலுக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவின் துணையோடு மீட்டெடுத்தார். குடும்பத்தாரின் அனுமதி பெற்றதாகவும் உரிய ஊதியம் அளித்ததாகவும் அவர் அறிவித்தார். ஏறத்தாழ அதே நேரத்தில், மறைந்த எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை அனுமதியின்றி மறுஉருவாக்கியதாகக் கூறி ஒரு தெலுங்குப் படக் குழுவுக்கு அவருடைய மகன் எஸ்.பி. சரண் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பினார். இரண்டிலும் தொழில்நுட்பம் ஒரே வகைதான். கேட்டுச் செய்தார்களா, கேட்காமல் செய்தார்களா என்பதே வேறுபாடு.

இது சினிமாக்காரர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. மறைந்த தந்தை மணமேடையில் நின்று ஆசீர்வதிப்பதுபோல் காணொளி செய்வது இன்று ஒரு கைப்பேசிச் செயலியால் முடிகிறது. ஒரு பிள்ளைக்கு அது ஆறுதல். அதே வீட்டில் இன்னொரு பிள்ளைக்கு ஆறாத புண்ணைக் கிளறுவதாக இருக்கலாம். செய்வதற்கு முன் குடும்பத்தில் எல்லாரையும் கேட்பது குறைந்தபட்ச மரியாதை.

வணிகத்தில் சட்டமும் குறுக்கே வரும். இணையத்தில் கிடைத்தது எல்லாம் இலவசம் என்ற எண்ணம் தவறு. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்தையும் இசையையும் பாதுகாக்கிறது. கேன்வாவின் பொதுப் படங்களைக் கொண்டு செய்த சின்னத்தை வணிக முத்திரையாகப் பதிவு செய்ய அதன் விதிகளே இடம் தருவதில்லை. அதே படத்தை இன்னும் ஆயிரம் பேர் பயன்படுத்தலாம் என்பதே காரணம். மசாலைத் தூள் பாக்கெட்டில் ஐந்தாறு ஆண்டு பழகிய சின்னம் தன்னுடையது இல்லை என்று பிறகு தெரிந்துகொள்வதைவிட, தொடக்கத்திலேயே ஒரு வடிவமைப்பாளருக்குக் கூலி கொடுப்பது மலிவு.

இனி எதற்குக் காசு கொடுப்பது?

நோட்டீஸ் செய்யும் பிள்ளைகளின் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்க முடியாது, பிடுங்கவும் கூடாது. தமிழில் தட்டெழுதவே கூச்சப்பட்ட ஒரு தலைமுறை இன்று தமிழில் நோட்டீஸ் செய்கிறது என்பதே நல்ல செய்தி. மாற வேண்டியது, எதற்குக் கூலி கொடுக்கிறோம் என்ற பழக்கம்.

கோயில் நிர்வாகங்களும் சங்கங்களும் ஒரு சிறிய விதியை வைத்துக்கொள்ளலாம். செய்தவரைத் தவிர, தமிழ் நன்கு தெரிந்த இன்னொருவர் படித்துச் சரி என்று சொல்லும்வரை எந்த நோட்டீஸும் வெளியே போகக் கூடாது. பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போதும். அவருடைய நேரத்துக்கு ஒரு சிறு தொகையும் தர வேண்டும். வேட்டி மடித்துக் கொடுத்து மாலை போட்டால் போதாது. தொகையாகக் கொடுத்தால்தான் அது வேலை என்று மதிக்கப்படும்.

அச்சகங்களும் விற்பனைப் பொருளை மாற்ற வேண்டியிருக்கும். வடிவமைப்புக்கு மட்டும் காசு கேட்டால் கைப்பேசியோடு போட்டி போட முடியாது. வாடிக்கையாளர் கொண்டுவரும் கோப்பில் எழுத்துப் பிழை, படத்தின் அளவு, நிறம், வெட்டும் ஓரம் ஆகியவற்றைச் சரிபார்த்துத் தருவதற்குத் தனிக் கட்டணம் என்று பலகையில் எழுதி வைக்கலாம். திரையில் தெரியும் நிறமும் மையில் விழும் நிறமும் ஒன்றில்லை என்பதைப் பதாகை கெட்டுப்போன ஒருவரிடம் விளக்க வேண்டிய அவசியமே இருக்காது.

இளையோருக்குப் பயிற்சி வேண்டும். சமூகங்களுக்கான நாடி இணைய மையங்களும் ஜியாட்மாரா நிலையங்களும் கணினிப் பயிற்சி தருகின்றன. மித்ரா வழியாக இந்தியச் சமுதாயத்துக்கு நிதி வருகிறது. தெக்குன் நேஷனலின் ஸ்பூமி திட்டம் இந்தியச் சிறு வணிகர்களுக்குக் கடன் தருகிறது. இந்தப் பயிற்சிகள் பொத்தானை எங்கே அழுத்துவது என்பதோடு நின்றுவிட்டால் பயன் குறைவு. பொத்தான்களைக் கருவியே கற்றுக்கொடுத்துவிடும். எழுத்துரு, பிழைதிருத்தம், பதிப்புரிமை, விலை நிர்ணயம் ஆகியவைதான் கற்பிக்கப்பட வேண்டியவை. உடைந்துபோன கீழ்ப்படிக்கு மாற்றாக, கிள்ளானில் முப்பது ஆண்டு தொழில் செய்த ஓர் அச்சகக்காரரையே அங்கு பயிற்றுநராக அமர்த்தலாம்.

ஸ்டூடியோ அலமாரியில் தோட்டங்கள்

கடைசியாக, காலம் கடந்தால் திரும்பக் கிடைக்காத ஒன்று இருக்கிறது. கிள்ளான் வட்டாரத்தில் பழைய புகைப்பட நிலையங்கள் மூடப்படும்போது, அவற்றின் அலமாரிகளில் இருக்கும் நெகட்டிவ் சுருள்கள் என்ன ஆகின்றன என்று யாரும் கேட்பதில்லை. தோட்டத்துத் திருமணம், பள்ளி வகுப்புப் படம், தீமிதி, மண்டோர் பிரியாவிடை என்று ஒரு காலம் முழுவதும் அவற்றில் இருக்கிறது. அந்தத் தோட்டங்கள் பல இன்று இல்லை. சில துண்டாடப்பட்டன, சில வீடமைப்புப் பகுதிகளாயின, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டி தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்ததே தோட்டங்கள் துண்டாடப்படுவதைக் கண்டுதான். நிலத்தைக் காப்பாற்ற முடிந்த இடங்கள் சில. முகங்களையாவது காப்பாற்றலாம்.

இந்த வேலையைச் செய்ய எந்தத் தொழில் நிறுவனமும் முன்வராது. இதில் லாபம் இல்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கைப்பேசி இருக்கிறது. பாட்டியின் இரும்புப் பெட்டியில் இருக்கும் படங்களை வெளிச்சமான இடத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் படம் எடுக்கலாம். படத்தின் பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்து, யார் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று கேட்டு அவர் குரலிலேயே பதிவு செய்துகொள்ளலாம். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முகத்தைப் பளபளப்பாக்குவதற்கு முன், மூலப் படத்தைத் தொடாமல் ஒரு பிரதி வைத்துக்கொள்வது அவசியம். கருவி அழகாக்கிய முகம், தாத்தாவின் முகமாக இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

ஒரு தோட்டத்துக்கு நான்கு பேர் இதைச் செய்தாலே, எந்த வரலாற்றாசிரியரும் தனியாகத் திரட்ட முடியாத ஆவணம் சேர்ந்துவிடும். ஆனால் பெயரைச் சொல்லக்கூடிய பாட்டிகள் இன்னும் எத்தனை ஆண்டு இருப்பார்கள்? திருவிழா நோட்டீஸை அரை மணி நேரத்தில் முடித்த அந்த மாணவருக்கு, மிச்சப்பட்ட நேரம் இருக்கிறது. அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்குக் கொடுக்கலாம்.